ஒட்டன்சத்திரம் முதல் பழனி வரை: கேலிப்பரோடும் சக்கர நாற்காலியோடும் ஒரு பாதயாத்திரை

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு நடந்து போக முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான பேர் அந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள். பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் தெரியும். காலில் கேலிப்பர் (வலுவில்லாத காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டவர் போக முடியுமா, சக்கர நாற்காலியில் இருப்பவர் போக முடியுமா என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. "முருகன் கூட்டிக்கொண்டு போய்விடுவான்" என்பார்கள். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. அது இல்லாமல் மாலை போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. தரை எப்படி? உட்கார இடம் எங்கே? கழிப்பறைக்குப் படி உண்டா? எந்தெந்த இடத்தில் லாரியோடு ஒரே தாரில் நடக்க வேண்டியிருக்கும்? யாராவது எழுதியிருப்பார்கள் என்று தேடி அலுத்துத்தான் நானே எழுதுகிறேன்.

எனக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது காலில் தொடை வரை கேலிப்பர், வலது கையில் ஊன்றுகோல். பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மனம் வராது. தையல் டேப் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். கூட வந்தவர்கள் அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். மடக்குகிற சக்கர நாற்காலி ஒன்றை அவன் தள்ளிக்கொண்டு வந்தான். முடிந்த தூரம் நடந்தேன், முடியாதபோது அதில் உட்கார்ந்தேன். ஆகவே காலுக்கு எப்படி, சக்கரத்துக்கு எப்படி என்று இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் தூரம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அதில் பிற்பாதிதான் ஒட்டன்சத்திரம் – பழனி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் காவடி சுமந்து வரும் நகரத்தார் கூட்டத்துக்கு இது கடைசிக் கட்டம். நம்மைப் போன்றவர்களுக்கு இதுவே முழு யாத்திரை. கொடைக்கானல் மலைத்தொடர் இடது கைப்பக்கம் கூடவே வரும். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. உடம்பை வருத்தும் சரிவு எதுவும் வழியில் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். சிரமமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். பக்தர்களுக்கென்று சாலையோரம் பேவர் பிளாக் பதித்த நடைபாதை இருக்கிறது. ஒழுங்காக இருக்கும் இடங்களில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஊன்றுகோல் வைத்திருப்பவர்தான் முழுதாக உணர முடியும். ஊன்றுகோலின் அடி ரப்பர் மண்ணில் புதையும், சல்லியில் உருளும். பேவர் பிளாக்கில் வைத்த இடத்தில் நிற்கும். இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். பின்னால் கூட்டம் வந்தால் ஒதுங்கவும் இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நீளமான பகுதியில், அதிகாலை இருட்டில், முன்னால் போகிறவர்கள் "வேல் வேல்" என்க, பின்னால் வருகிறவர்கள் "வெற்றிவேல்" என்க, காலைப் பற்றி நினைக்காமல் நடந்தேன். எனக்கு அது அடிக்கடி வாய்க்கிற காரியமில்லை. தரையைப் பார்த்தபடி நடந்தே பழகிய கழுத்து நிமிர்ந்து மலையைப் பார்த்தது.

ஆனால் பாதை தொடர்ந்து வருவதில்லை. என் முழு மனக்குறையும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வாய்க்காலோ ஓடையோ குறுக்கே வரும் இடமெல்லாம் சாலையில் ஒரு சிறுபாலம் இருக்கும். நடைபாதை பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அங்கே படியில்லை, சாய்தளம் இல்லை. பேவர் பிளாக்கின் விளிம்பிலிருந்து இறங்கி, தார்ச் சாலையின் வெள்ளைக்கோட்டை ஒட்டிப் பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். நல்ல காலுள்ளவருக்கு இது ஓர் எட்டு. எனக்கு என்னவென்று சொல்கிறேன். ஊன்றுகோலைக் கீழே வைக்க வேண்டும். கேலிப்பர் போட்ட கால் மடங்காது. அதைப் பக்கவாட்டில் வீசிக் கீழே இறக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் ஒரு கணம் ஊன்றுகோலில் நிற்கும். அந்தக் கணத்தில் பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தால் உடம்பு துள்ளும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது இன்னும் மோசம்: திருப்பி, பின்பக்கமாக இறக்கி, வண்டிகள் வரும் தாரில் மறுபடி நேராக்கி, பாலம் தாண்டி, முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்ற வேண்டும். அண்ணன் மகன் இளவட்டம். அவனுக்கே மூச்சு வாங்கியது. "அத்தை, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொரு பாலத்திலும் சொன்னான்.

ஓரிடத்தில் அந்த விளிம்பை டேப் வைத்து அளந்தேன். 22 சென்டிமீட்டர். நம் நாட்டில் நடைபாதைகளுக்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கின்றன அவை. சாய்தளத்துக்குப் பொதுவாக ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 சென்டிமீட்டர் இறங்க 1.8 மீட்டர் நீளம் போதும். என் 22 சென்டிமீட்டருக்கு 2.64 மீட்டர். ஒரு சிறுபாலத்துக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு கான்கிரீட்டும் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலையும் இருந்தால் தீரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. பொது இடங்களும் சாலைகளும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிலோமீட்டர் கணக்கில் கல் பதித்தவர்களுக்கு இந்த இரண்டரை மீட்டர் பெரிய செலவில்லை. கேட்க ஆளில்லை என்று விட்டிருக்கலாம். நான் கேட்கிறேன்.

மற்ற இடையூறுகளையும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களுக்கு வண்டி போகும் தடங்கள் நடைபாதையை வெட்டிச் செல்கின்றன. டிராக்டர் ஏறி இறங்கி அந்த இடத்தில் கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன. ஒரு கல் பெயர்ந்த குழி பார்க்கச் சின்னதாக இருக்கும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் அதைவிடச் சின்னது. அது குழியில் விழுந்தால் நாற்காலி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போவார். இடுப்பில் பட்டை கட்டாமல் உட்காராதீர்கள். சாலையை அகலப்படுத்தியபோது தோண்டிய சில இடங்களில் நடைபாதை காணாமலேயே போயிருக்கிறது. கிராவல் கொட்டி விட்டிருக்கிறார்கள். சீமைக் கருவேலம் சாய்ந்து வழியை மறைக்கும் இடமும் உண்டு. வெறுங்காலில் நடப்பவர்கள் அந்த இடத்தில் தரையைத் தடவித் தடவித்தான் போகிறார்கள். அண்ணி ஒரு முள்ளை எடுக்கச் சாலையோரம் உட்கார்ந்தபோது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் ஊக்கு கொடுத்து, எடுத்து முடிக்கும்வரை டார்ச்சும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கே எப்படி என்று ஊர்வாரியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். ஒட்டன்சத்திரத்தை விட்டு வெளியேறுவது எளிதில்லை. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. கேரளத்துக்குப் போகும் லாரிகள், மூட்டை இறக்கும் வேன்கள், அழுகிய தக்காளி மிதிபட்டு வழுக்கும் தரை. சந்தைப் பக்கத்தைத் தாண்டும்வரை நான் சக்கர நாற்காலியில்தான் இருந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஊரைத் தாண்டியதும் மூச்சு விடலாம். விருப்பாச்சி மலைவாழைக்குப் பேர்போன ஊர். சிறுமலை வாழையோடு சேர்த்துப் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பழம். வெள்ளையரை எதிர்த்து 1801இல் தூக்கில் தொங்கிய கோபால நாயக்கரின் பாளையமும் அதுதான். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த மண் என்று அண்ணன் பேசிக்கொண்டே வந்ததில் அந்தப் பகுதி தூரமே தெரியவில்லை. சத்திரப்பட்டியில் இரவு தங்குவது நல்லது. ஒரே மூச்சில் பழனி போய்விடலாம் என்று கூட வருபவர்கள் ஆசை காட்டுவார்கள், இணங்காதீர்கள். கேலிப்பரின் தோல்பட்டை உரசும் இடத்தில் தோல் சிவந்தால் அன்றைக்கு நடை அவ்வளவுதான். கொப்புளமாகிவிட்டால் ஒரு வாரம் பட்டையே கட்ட முடியாது. ஆயக்குடி வந்ததும் சாலையோரம் கூடை கூடையாகக் கொய்யாப்பழம். அங்கிருந்து பழனி தொட்டுவிடும் தூரம், ஆனால் கூட்டம் நெருக்கும்.

பருவத்தையும் யோசிக்க வேண்டும். தையில் விடியற்காலைப் பனியில் பேவர் பிளாக் நனைந்திருக்கும், ரப்பர் வழுக்கும். புது ரப்பர் மாட்டிக்கொண்டு, மாற்றுக்கு ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கிடைக்காது. பங்குனி உத்திரத்துக்கு நடப்பவர்களுக்கு வேறு சிக்கல். பத்து மணிக்கு மேல் அந்தக் கற்கள் சுடும். கேலிப்பரின் இரும்புக் கம்பியும் சுடும். மெல்லிய பருத்தித் துணியைக் காலில் சுற்றி, அதன்மேல் கேலிப்பர் போடுங்கள். மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிறுத்திவிட்டு மாலையில் தொடர்வதே சரி. இருட்டில் நடக்கும்போது முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைச் சக்கரத்தின் உயரத்தில் இரு பக்கமும் பின்னாலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடப்பவரின் முதுகு உயரத்தைத் தேடுகிற டிரைவரின் கண்ணுக்கு நாற்காலி தாழ்வாக இருக்கிறது.

இனி அன்னதானம். இந்த வழியில் பசியோடு யாரும் நடக்க வாய்ப்பே இல்லை. பொங்கல், தக்காளி சாதம், சுக்குக் காப்பி, மோர், வெட்டின தர்பூசணி என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். இரவு முழுக்க அடுப்பெரித்துக் கண் சிவந்த மனிதர்கள் "சாமி, சாப்பிட்டுப் போங்கள்" என்று கும்பிடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் எல்லாப் பந்தலிலும் தரையில் பந்தி. கேலிப்பர் போட்டவர் தரையில் உட்கார முழங்கால் பூட்டைத் திறந்து, ஏதாவதொன்றைப் பிடித்தபடி சரிய வேண்டும். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நான் பெரும்பாலும் நின்றுகொண்டே தட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். ஒரே ஒரு பந்தலில், அதுவும் மிகச் சிறிய பந்தல், ஒரு பெரியவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். போட்டதோடு விடவில்லை, ஆடுகிறதா என்று தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, ஒரு காலுக்குக் கீழே ஓட்டுச் சில்லை வைத்துச் சமப்படுத்திவிட்டு, "இப்போது உட்காருங்கள் அம்மா" என்றார். பந்தல் போடுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: கைப்பிடி வைத்த நாற்காலி நாலு போடுங்கள். கைப்பிடி முக்கியம், அதை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். எனக்கு மட்டுமில்லை, அந்தச் சாலையில் வருகிற முழங்கால் வலிக்காரப் பாட்டிகள் எத்தனையோ பேருக்கு அது வேண்டும்.

கழிப்பறை பற்றிப் பெண்கள் வெளியே பேசக் கூச்சப்படுவார்கள், நான் பேசுகிறேன். தற்காலிகக் கழிப்பறைகள் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல மாட்டேன். உள்ளே போக உயரமான இரும்புப் படி, கைப்பிடி கிடையாது, குந்தி உட்காரும் வகை, கதவு குறுகலானது. என்னால் ஒன்றில்கூட ஏற முடியவில்லை. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்களை நான் பார்த்தேன். அது தலைசுற்றலிலும் நீர்க்கடுப்பிலும் கொண்டுபோய் விடும். ஒரு திருமண மண்டபத்தில் மேற்கத்தியக் கழிப்பறை இருந்தும் பூட்டி வைத்திருந்தார்கள். சாவியை வாங்க அண்ணன் அரை மணி நேரம் மன்றாட வேண்டியிருந்தது. கூடவே வண்டி வரும் குழுவானால் மடக்கும் கழிப்பறை நாற்காலி ஒன்றை அதில் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும். நாலு கம்பு, இரண்டு சேலை இருந்தால் மறைப்பும் ஆயிற்று. பந்தல் போடுபவர்களில் யாராவது ஒருவர் சாய்தளமும் கைப்பிடியும் வைத்த ஒரே ஒரு கழிப்பறையைச் சத்திரப்பட்டிப் பக்கம் நிறுத்தினால் அதற்கு நான் பணம் தருகிறேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

உதவி செய்ய வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சாலையில் உதவிக்குப் பஞ்சமில்லை. பாலத்தில் நாற்காலி தடுமாறினால் எங்கிருந்தோ எட்டுக் கைகள் வந்துவிடும். ஆனால் கேட்காமல் தூக்காதீர்கள். ஊன்றுகோல் பிடித்த கையை ஒருவர் அன்போடு பற்றிக்கொண்டால் எனக்கு இருந்த ஒரே பிடியும் போய்விடும். நாற்காலியை கைவைக்கும் இடத்தைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்றுகொண்டு வரும். சட்டத்தைப் பிடிக்க வேண்டும். "எங்கே பிடிக்கட்டும் சாமி?" என்று கேட்டார் காவடியை இறக்கிவைத்துவிட்டு வந்த ஓர் இளைஞர். அந்த ஒரு கேள்வி போதும்.

பழனிக்குள் நுழைந்தபின் நிலைமை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 முதல் கிரிவலப் பாதையில் தனியார் வண்டிகளை விடுவதில்லை. மலையைச் சுற்றிவரும் அந்தப் பாதை அகலமாக, சமமாக இருக்கிறது. முதியோருக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பேட்டரி கார் ஓடுகிறது. 30 கிலோமீட்டர் முழுவதும் நான் ஏங்கிய தரை அங்கே இருந்தது. சக்கர நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு போனேன். மலைக்கு மேலே போகப் படிப்பாதை நமக்கு ஆகாது. யானைப்பாதை படிப்பாதையைவிடச் சாய்வு குறைந்தது என்றாலும் 30 கிலோமீட்டர் நடந்த காலுக்கு அது தண்டனை. மின் இழுவை ரயில் 1960களிலிருந்தும் ரோப் கார் 2004இலிருந்தும் ஓடுகின்றன. இழுவை ரயில் மேலே சேர எட்டு நிமிடம் போல ஆகும், ரோப் காருக்கு மூன்று. ரோப் காரை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்: காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள், வருடாந்திரப் பராமரிப்புக்கும் வாரக்கணக்கில் நிற்கும். ஏறும் இடத்தில் பெட்டி முழுதாக நிற்காமல் மெதுவாக நகர்ந்தால் கேலிப்பர் காலோடு ஏறுவது கடினம். எனக்கு இழுவை ரயில்தான் சௌகரியமாக இருந்தது.

கேலிப்பரோடு சேர்ந்தது அதன் பூட்ஸ். கழற்றினால் நடக்க முடியாது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் இதை விளக்க வேண்டியிருக்கும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுத்தமான வெள்ளைத் துணியில் பூட்ஸ் அளவுக்கு உறை தைத்து எடுத்துப் போங்கள். அதை எல்லோர் கண்முன்னும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் பெரும்பாலும் மறுபேச்சு வராது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைக் கழுத்துப் பையிலேயே வையுங்கள். கைப்பையைத் துழாவிக்கொண்டு நெரிசலில் நிற்க முடியாது. தைப்பூசத்தன்றே மேலே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். நாங்கள் பூசத்துக்குச் சில நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். கொடியேற்றத்திலிருந்தே திருவிழாதானே.

மொத்தத்தில் பத்துக்கு எவ்வளவு போடலாம் என்று அண்ணன் மகன் கேட்டான். மக்களுக்குப் பத்துக்குப் பத்து. தரைக்கு ஐந்து, அதுவும் நடைபாதை ஒழுங்காக இருக்கும் இடங்களுக்காக. உட்காரும் வசதிக்கு மூன்று. கழிப்பறைக்கு ஒன்றும் இல்லை. பூஜ்யம் போட எனக்கு மனமில்லைதான், ஆனால் ஏற முடியாத படிக்கு எப்படி மதிப்பெண் போடுவது? சக்கர நாற்காலியில் தனியாக, துணையில்லாமல் போக நினைப்பவருக்கு இன்றைய நிலையில் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். உடல் வலுவுள்ள துணை இருவரும் பின்தொடர ஒரு வண்டியும் இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.

திரும்பி வர ரயிலைப் பாருங்கள். பழனி, திண்டுக்கல் – பொள்ளாச்சி அகல ரயில் பாதையில் இருக்கிறது. விழாக் காலத்துப் பஸ்ஸில் அந்த முதல் படியில் ஏறி, நிற்கிற கூட்டத்தில் கேலிப்பரை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையிலும் ஓர் எட்டு உண்டு. அதைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.